கலிஃபோர்னியா ஹால் வாசலில் ஒரு மேசை

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2003 ஜூன் மாத இறுதியில், அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில், நிர்வாக அலுவலகமான கலிஃபோர்னியா ஹால் கட்டடத்தின் முன்பு ஒரு மேசை போடப்பட்டது. அதன் பின்னால் இரவும் பகலுமாக ஒருவர் அமர்ந்திருந்தார். பெயர் இக்னாசியோ சபேலா. மெக்சிக்கோவில் பிறந்தவர், நுண்ணுயிர்ச் சூழலியலாளர், அப்பல்கலைக்கழகத்தின் இயற்கை வளக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஜூன் 30-ஆம் நாளுடன் அவரது பணி ஒப்பந்தம் முடிவடைய இருந்தது. பணி நிரந்தரம் பற்றிய இறுதி முடிவோ அவருக்கு அறிவிக்கப்படவில்லை. எனவே தமது அலுவலகத்தையே நிர்வாகத்தின் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்து நாட்கள் நீடித்த அந்த அமர்வில் முழக்கங்களை விட உரையாடலே மிகுதி. வந்தவர்களிடமெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு பேராசிரியரின் வேலைப் பிரச்சினை, அதுவும் உலகின் வசதி மிக்க நாடொன்றில் நடந்தது, இந்திய உழைக்கும் மக்களின் கட்சிக்கு ஏன் முக்கியமாக வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடை பெர்க்லியில் தொடங்கி மெக்சிக்கோவின் மலைக்கிராமங்கள் வரை நீள்கிறது.

முதலில் அந்த நிரந்தரம் என்பது யாது என்று பார்த்துவிட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேருபவர் ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் தகுதிகாண் நிலையில் இருப்பார். அதன் முடிவில் அவரது ஆய்வையும் கற்பித்தலையும் சக அறிஞர்கள் மதிப்பிடுவர். தேறினால் டென்யூர் எனப்படும் நிரந்தரம். தேறாவிட்டால் வெளியேற்றம், பழைய பதவியிலேயே நீடிக்க வழியில்லை. ஆலைத் தொழிலாளிக்கு நிரந்தரம் என்பது சோற்றுப் பிரச்சினை. ஆய்வாளருக்கு அது சோற்றுப் பிரச்சினையாக இருப்பதோடு வாய்ப் பிரச்சினையாகவும் இருக்கிறது.

இப்பாதுகாப்பு எவரும் இரக்கப்பட்டு வழங்கியதன்று. 1900-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ராஸ் என்னும் பொருளியல் பேராசிரியர் வெளியேற்றப்பட்டார். ரயில்வே செல்வத்தால் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் இணை நிறுவனரான ஜேன் ஸ்டான்ஃபோர்டு அம்மையாருக்கு அவரது பொதுப் பேச்சுகள் பிடிக்கவில்லை. ஆசியத் தொழிலாளர்களின் குடியேற்றம் குறித்து ராஸ் பேசியவை இனவெறி தோய்ந்தவை. அவற்றில் ஆதரிக்க எதுவுமில்லை. எனினும் பணம் போட்டவர் பாடம் சொல்பவரை நீக்கலாம் என்ற நிலை ஆசிரியர்களை அதிர வைத்தது. 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் உருவானதன் பின்னணியில் இத்தகைய நிகழ்வுகள் இருந்தன. பெர்க்லிக்கும் இதில் சொந்த வரலாறு உண்டு. கம்யூனிஸ்டு எதிர்ப்பு வெறி உச்சத்தில் இருந்த 1949-இல் ஆசிரியர்கள் அனைவரும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் எனக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஆணையிட்டது. மறுத்த 31 ஆசிரியர்கள் 1950-இல் நீக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. 1964-இல் பேச்சுரிமை இயக்கம் வெடித்ததும் அதே வளாகத்தில்தான்.

1950-இல் அரசின் ஆணை செய்ததை 1990-களில் செய்யவந்தது நிறுவனத்தின் காசோலை. அதற்கான கதவை 1980-ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் திறந்துவிட்டிருந்தது. அரசின் நிதியில் நடக்கும் ஆய்வின் முடிவுகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்று, அவற்றைத் தனியாருக்கு உரிமம் வழங்கலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. மக்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவு சந்தைச் சரக்காயிற்று. 1998 நவம்பரில், பெர்க்லியின் தாவர, நுண்ணுயிரியல் துறை முழுவதும் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டில் இணைந்தது. ஐந்தாண்டுகளுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர். பதிலாக, துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பு நிறுவனத்துக்கு. அரசு நிதியில் நடந்த ஆய்வுகளும் இதில் அடக்கம். எந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது எனத் தீர்மானிக்கும் ஐவர் குழுவில் நிறுவனத்துக்கு இரண்டு இடங்கள். கட்டுரைகளை வெளியிடுமுன் நிறுவனம் பார்வையிடவும், காப்புரிமைக்காக வெளியீட்டைத் தள்ளிவைக்கவும் ஏற்பாடு. தனி ஆய்வாளர் ஒருவர் தனியார் நிதி பெறுவது புதிதன்று. ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் துறை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்குள் செல்வதுதான் புதிது.

அப்போது கல்லூரி ஆசிரியர்களின் செயற்குழுவுக்குத் தலைமை வகித்தவர் சபேலா. அவர் நிறுவனங்களின் உள்புறத்தை அறியாதவர் அல்லர். பின்னர் நோவார்ட்டிஸாக உருவெடுத்த சாண்டோஸ் நிறுவனத்திலேயே பணியாற்றியவர். செயற்குழு ஆசிரியர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. பதிலளித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர், இவ்வுடன்பாடு கல்விச் சுதந்திரத்துக்குத் தீங்கு செய்யும் என்றனர். அறிவியலாளர்களிடையே கருத்துப் பரிமாற்றம் தடைபடும் என அஞ்சியோர் 60 விழுக்காட்டினர். கணிப்பின் முடிவு இதுவாக இருந்தும் உடன்பாடு நின்றது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் நிர்வாகத்தின் நினைவிலும் நின்றார்.

இனி மலைக்கிராமங்களுக்கு வருவோம். மெக்சிக்கோவின் தென்பகுதியில் வஹாக்கா மாநிலம். அங்குள்ள வடக்கு மலைத்தொடரில் சாப்போடெக் முதலிய பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து விளைவிக்கின்றனர். மக்காச்சோளம் மனிதரால் பண்படுத்தப்பட்ட நாடு மெக்சிக்கோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளாக உழவர்கள் கையால் தெரிந்தெடுத்து, அடுத்த விதைப்புக்கு எடுத்துவைத்து, அண்டை வீட்டாரோடு பரிமாறி வளர்த்த செல்வம் அது. உலகின் எந்த நாட்டில் மக்காச்சோளத்துக்குப் புதிய நோய் வந்தாலும் எதிர்ப்புத் திறனைத் தேடி வரவேண்டிய இடங்களில் முதன்மையானது அந்நிலம். அதனால்தான் மரபணு மாற்ற மக்காச்சோளத்தைப் பயிரிட 1998-இல் மெக்சிக்கோ தடை விதித்தது. ஆனால் 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் வழியே அமெரிக்க மக்காச்சோளம் உணவுத் தானியமாக வந்து குவிந்துகொண்டிருந்தது. கிராமத்து அரசு நியாயவிலைக் கடையில் விற்கப்படும் தானியத்துக்கும் விதைக்கும் உழவரின் கையில் வேறுபாடு இல்லை. மண்ணில் போட்டால் இரண்டும் முளைக்கும்.

2000-இல், சபேலாவின் ஆராய்ச்சி மாணவர் டேவிட் குவிஸ்ட், உள்ளூர்ச் சமூகங்கள் நடத்திய ஆய்வகத்தில் மரபணு மாற்றத்தைக் கண்டறியும் சோதனையைக் கற்பிக்கச் சென்றார். மாசற்றது எனக் கருதி ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்ட உள்ளூர் மக்காச்சோளமே, மாறுபட்ட மரபணுத் துண்டைக் காட்டியது. இருவரும் தொடர்ந்து ஆராய்ந்து 2001 நவம்பர் 29 நாளிட்ட 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். அதில் இரண்டு கூற்றுகள் இருந்தன. மரபணு மாற்றப் பயிர்களில் பரவலாகப் பயன்படும், காலிஃபிளவர் வைரஸிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு துண்டு, ஆறு உள்ளூர் மாதிரிகளில் நான்கில் காணப்படுகிறது என்பது முதலாவது. அத்துண்டு பயிரின் மரபணுத்தொகுதியில் பல இடங்களில் சிதறிப் பொருந்தியிருக்கிறது என்பது இரண்டாவது.

கட்டுரை வெளிவந்த நாளிலேயே தாக்குதலும் தொடங்கிற்று. உயிரித் தொழில்நுட்ப ஆதரவாளர்களின் இணைய மடற்குழுவில், இரு பெண்களின் பெயரால், சபேலாவின் நேர்மையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் மடல்கள் வந்தன. அப்படி இரு பெண்கள் உண்மையில் இருப்பதாகத் தெரியவில்லை என்றும், அம்மடல்களின் தடம் மான்சாண்டோவுக்காகப் பணியாற்றிய விளம்பர நிறுவனத்தை நோக்கிச் செல்கிறது என்றும் 2002 மே மாதத்தில் 'கார்டியன்' நாளிதழில் ஜார்ஜ் மான்பியோ எழுதினார். அதற்கு முன்பே, ஏப்ரலில், 'நேச்சர்' இதழ் முன்னெப்போதும் செய்திராத ஒன்றைச் செய்திருந்தது. கட்டுரையை வெளியிட்டதற்குக் கிடைத்துள்ள சான்றுகள் போதா என்று ஆசிரியர் குறிப்பு எழுதிற்று. ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. உடன் வெளிவந்த இரு மறுப்புகளை எழுதியோரில் பலர், நோவார்ட்டிஸ் நிதி பெற்ற அதே பெர்க்லித் துறையோடு தொடர்புடையவர்கள்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்வதே இடதுசாரி நேர்மை. மறுப்பாளர்களின் வாதம் முழுவதும் கூலிக்கு எழுதப்பட்ட பொய் அன்று. இரண்டாவது கூற்றுக்குப் பயன்படுத்தப்பட்ட தலைகீழ் பி.சி.ஆர். முறை பிழையான முடிவுகளைத் தரக்கூடியது, அக்கூற்று பலவீனமானதே. முதல் கூற்றோ வேறு வகையானது. மெக்சிக்கோ அரசு நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் வஹாக்காவில் அத்துண்டைக் கண்டதாக அறிவித்தனர். 2003, 2004 ஆண்டுகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, எதுவும் காணப்படவில்லை என்றது. 2009-இல் வேறொரு குழு, 2001, 2004 ஆண்டுகளின் வஹாக்கா மாதிரிகளில் மீண்டும் கண்டது. அறிவியல் இப்படித்தான் நகர்கிறது: ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் வேறு வயலுக்குச் சென்று மறுபடியும் மண்ணைக் கிளற. தவறான கூற்றுக்கு மருந்து மறு சோதனை. சோதனைக் கூடத்தில் தீர வேண்டிய வழக்கைப் பணியமர்த்தல் குழுவின் மூடிய அறைக்குக் கொண்டுபோனதுதான் பெர்க்லியில் நடந்த அநீதி. சபேலா எல்லாவற்றிலும் சரியானவர் என்று நிறுவினால்தான் அவருக்காகக் குரல் கொடுக்கலாம் என்றால், அந்த உரிமை எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காது.

நிரந்தரம் மறுக்கப்பட்ட விதத்தைக் காண்க. அவரது துறை ஆசிரியர்கள் வாக்களித்தனர்: ஆதரவு 32, எதிர்ப்பு 1. துறை வல்லுநர்களைக் கொண்ட சிறப்புக் குழுவும் ஒருமனதாகப் பரிந்துரைத்தது. அதன் பிறகு ஆசிரியர் பேரவையின் வரவுசெலவுக் குழு, பரிந்துரைக்கு எதிராக நின்றது. அக்குழுவில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களோடும் நோவார்ட்டிஸ் உடன்பாட்டோடும் தொடர்புடைய ஒருவர் இருக்கிறார், அவர் விலகியிருக்க வேண்டும் என்று எழுந்த ஆட்சேபம் பொருட்படுத்தப்படவில்லை. 2003 நவம்பர் 20 அன்று, பல்கலைக்கழகத் தலைவரான ராபர்ட் பெர்டால் நிரந்தரத்தை மறுத்தார். அங்கே சான்சலர் எனப்படுபவர் இந்தியாவின் துணைவேந்தரைப் போன்ற நிர்வாகத் தலைவர். நடவடிக்கைகள் இரகசியம் என்பதால் மறுப்பின் உண்மைக் காரணத்தை அறிய வழியற்ற நிலை. ஆய்வு வெளியீடுகள் போதவில்லை என்ற பேச்சு மட்டும் வெளியே உலவிற்று.

எனினும் அந்த 32 பேரும் வாக்களித்ததோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆசிரியர்கள் கடிதம் எழுதினர்; பிற நாட்டு அறிவியலாளர்களும் எழுதினர். மாணவர்கள் இயக்கம் கட்டினர். 2004 டிசம்பரில் தமது கடைசி வகுப்பு என எல்லோரும் கருதிய வகுப்பை சபேலா நடத்தி முடித்ததும், கூட்டம் வளாகத்தின் ஊடாகக் கலிஃபோர்னியா ஹாலை நோக்கி ஊர்வலமாகச் சென்றது. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒற்றை மேசை கிடந்த அதே வாசல்.

இதற்கிடையில் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஓர் ஆவணம் வந்தது. நோவார்ட்டிஸ் உடன்பாட்டை மதிப்பிடுமாறு பெர்க்லியே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவிடம் கேட்டிருந்தது. 2004 ஜூலையில் வெளியான அக்குழுவின் அறிக்கை, நிரந்தரம் மறுக்கப்பட்டது சரியா தவறா என்ற தீர்ப்புக்குள் புகவில்லை. ஆனால் உடன்பாடும் அதன்மீதான சச்சரவும் சபேலாவின் மதிப்பீட்டு நடைமுறையைப் பாதித்தன என்பதில் ஐயமில்லை என்றது. துறை முழுவதையும் ஒரே நிறுவனத்தோடு பிணைக்கும் இத்தகைய உடன்பாடுகளைத் தவிர்க்கவும் அறிவுறுத்தியது. அதே அறிக்கை காட்டிய இன்னொரு வேடிக்கை: அத்தனை ஆரவாரத்தோடு வந்த உடன்பாட்டால் நிறுவனத்துக்கும் குறிப்பிடத்தக்க வணிகப் பயன் விளையவில்லை. 2000-இல் நோவார்ட்டிஸின் வேளாண் பிரிவு சின்ஜென்டாவாக மாறியது. 2003-இல் உடன்பாடு புதுப்பிக்கப்படாமலே காலாவதியானது. அதாவது, பணம் போய்விட்டது. அதை எதிர்த்தவர் மீதான தண்டனை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

2005 ஏப்ரலில் சபேலா வழக்குத் தொடுத்தார்: மெக்சிக்கோவினர் என்பதால் பாகுபாடு, உண்மையை வெளியிட்டதற்குப் பழிவாங்கல் ஆகியவை குற்றச்சாட்டுகளில் அடங்கும். புதிய தலைவராக வந்திருந்த ராபர்ட் பிர்ஜினோ மறு மதிப்பீட்டுக்கு வழிவிட்டார். மே மாதத்தில் நிரந்தரம் வழங்கப்பட்டது. 2003-இலிருந்தே செல்லுபடியாகும் வகையில். ஒரு மனிதரின் பிடிவாதத்தால் மட்டும் இது நிகழ்ந்திருக்காது. கிட்டத்தட்ட இதே காலத்தில், இத்தகைய ஒற்றுமை சொந்த நிறுவனத்துக்குள் அமையாமல் போனவரின் கதையும் உண்டு. ஹங்கேரியில் பிறந்த அர்பாத் புஸ்டாய், ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மூத்த அறிவியலாளர். மரபணு மாற்ற உருளைக்கிழங்கை எலிகளுக்குக் கொடுத்த சோதனை பற்றி 1998 ஆகஸ்டில் தொலைக்காட்சியில் பேசினார். சில நாட்களுக்குள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவரது சோதனையின் வடிவமைப்பு குறித்தும் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஆய்வகமே இல்லாமற்போயிற்று.

அறிவியலாளரின் வாயை அடைப்பது மூலதனம் மட்டுமே செய்யும் வேலை என்று எண்ணினால், சோசலிச இயக்கத்தின் சொந்த வரலாறு அதை மறுக்கும். பயிர்களின் பிறப்பிடங்களை உலகுக்கு வரைந்து காட்டிய நிக்கோலாய் வவிலோவ் 1930-இல் மெக்சிக்கோவுக்கே சென்று மக்காச்சோள வகைகளைச் சேகரித்தவர். லைசென்கோவின் கருத்துகளை அவர் எதிர்த்தார். 1940-இல் கைது செய்யப்பட்டு, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் மாண்டார். லெனின்கிராட் முற்றுகையின்போது அவரது நிறுவன ஊழியர்கள் பசியால் மடிந்த நிலையிலும் விதைச் சேகரத்தைத் தொடாமல் காத்தனர். அவ்விதைகள் தப்பின, மரபியல் துறையோ சோவியத் நாட்டில் பல்லாண்டுகள் முடங்கிற்று. கட்சி முடிவால் ஒரு விதையின் இயல்பைத் தீர்மானிக்க முயன்றதன் விலை அது. பெர்க்லியைக் கண்டிக்கும் நா, சரத்தோவையும் சொல்லியாக வேண்டும்.

சபேலாவுக்கு நிரந்தரம் கிடைத்த அதே 2005-ஆம் ஆண்டு ஜூலையில், மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் வாஷிங்டனில் வெளியிட்ட கூட்டறிக்கையில் இந்திய-அமெரிக்க வேளாண் அறிவு முன்முயற்சி அறிவிக்கப்பட்டது. இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வு, பாடத்திட்டம் ஆகியவற்றைத் தொடும் அத்திட்டத்தின் வாரியத்தில் அமெரிக்கத் தரப்பில் மான்சாண்டோவும் வால்மார்ட்டும் உட்கார்ந்தன. பெர்க்லியில் ஐவரில் இருவர் என்றால், இங்கே ஒரு நாட்டின் வேளாண் ஆய்வுக்கே அந்த நாற்காலி. பி.டி. கத்தரியின் கதையிலும் இதே இழை ஓடுகிறது: மஹிகோ நிறுவனத்தின் மரபணுவை உள்ளூர்க் கத்தரி வகைகளில் ஏற்றும் பணியில் கோவை, தார்வாட் வேளாண் பல்கலைக்கழகங்கள் ஈடுபட்டன. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்புக்குப் பின் 2010 பிப்ரவரி 9 அன்று ஜெய்ராம் ரமேஷ் அதற்கு இடைக்காலத் தடை அறிவித்தார். அக்கூட்டங்களில் உழவர் சங்கங்கள் முன்வைத்த கேள்விகளுக்குத் தரவு தேவைப்பட்டது. அத்தரவைத் தரக்கூடியவர் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர். அவரோ ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய தற்காலிக ஆசிரியராகவும் இருக்கக்கூடும். துணைவேந்தர் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு எதிரான சோதனை முடிவை அவர் மேசையறையில் பூட்டி வைத்தால் அவரைக் கோழை என்பது எளிது. தற்காலிக ஆசிரியர்களின் நிரந்தரக் கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கையாக மட்டும் காணும் பழக்கம் தொழிற்சங்கத் தோழர்களிடமும் உழவர் சங்கத் தோழர்களிடமும் இருக்கிறது. அந்த ஆசிரியரின் வேலை போனால் உழவருக்குத் தம் விதையில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஆளிராது.

வஹாக்கா மக்கள் அதை உணர்ந்திருந்தனர். 'நேச்சர்' குறிப்பு வெளிவந்த அதே 2002 ஏப்ரலில், அவ்வட்டாரச் சமூகங்கள் வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையத்திடம் மனு அளித்தன. ஆணையத்தின் அறிக்கை 2004-இல் வந்தது: இறக்குமதியாகும் அமெரிக்க மக்காச்சோளம் முளைக்காதபடி மாவாக அரைக்கப்பட வேண்டும், பயிரிடுவதற்கான தடை நீடிக்க வேண்டும். அமெரிக்க அரசு அதை ஏற்க மறுத்தது. மெக்சிக்கோ அரசே பின்னர் சோதனைப் பயிரிடலுக்கு அனுமதி அளிக்கத் தொடங்கியது. 2013-இல் அறிவியலாளர்கள், உழவர்கள், நுகர்வோர் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்கில் நீதிமன்றம் அந்த அனுமதிகளை நிறுத்தி வைத்தது.

பெர்க்லிக்கு 2007-இல் இன்னொரு காசோலை வந்தது. இம்முறை பி.பி. எண்ணெய் நிறுவனம், பத்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர், உயிரி எரிபொருள் ஆய்வு. மாணவர்களும் ஆசிரியர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். எதிர்த்தவர்களில் சபேலாவும் இருந்தார், இப்போது பணி நிரந்தரம் பெற்றவராக. உடன்பாடு கையெழுத்தாயிற்று. அவரை வேலையை விட்டு அனுப்ப இம்முறை எவராலும் இயலவில்லை.